‘வேலைப் பாதுகாப்பு’ என்னும் இருபொருள் தொடர்: ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தில் நிறுவனப் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ‘வேலைப் பாதுகாப்பு’ என்னும் தொடர் இருபொருள் தருவது. வேலை பறிபோகாதிருத்தல் ஒன்று. வேலை செய்யும் இடத்தில் உடலுக்கும் உயிருக்கும் ஊறு நேராதிருத்தல் மற்றொன்று. வசந்தபாலன் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் காட்சிகளின் வழி நிறுவுகிறது. எனினும், தொழிலாளர்க்கு நேரும் ஊறுகளுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்குப் படத்தின் கதைப்போக்கு தரும் விடை வேறு. காட்சிகள் தரும் விடை வேறு. கதைப்போக்கு மேற்பார்வையாளரின் கொடுமையையும் விதியையும் சுட்ட, காட்சிகள் நிறுவனத்தின் ஒழுங்கமைப்பைச் சுட்டுகின்றன. இம்முரணை ஆராயும் இக்கட்டுரை, 2021ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இருக்கை உரிமைச் சட்டத் திருத்தத்தையும் அதனோடு இணைத்து மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அங்காடித் தெரு, வசந்தபாலன், வேலைப் பாதுகாப்பு, நிறுவனப் பொறுப்பு, அங்காடித் தொழிலாளர், இருக்கை உரிமை.

முன்னுரை

தொழிலாளர் வாழ்வைப் பேசும் தமிழ்ப் படைப்புகளில் ஆலை, சுரங்கம், தேயிலைத் தோட்டம், உப்பளம் ஆகிய களங்கள் மிகுதியாக இடம்பெற்றுள்ளன. இக்களங்களில் தொழிலால் வரும் தீங்கு கண்ணுக்குப் புலப்படுவது. இயந்திரம் கையை நசுக்கும். உப்பு பாதத்தை அரிக்கும். தூசு நுரையீரலை அடைக்கும். விற்பனை அங்காடி இத்தகைய களமாகக் கருதப்பட்டதில்லை. வெளிச்சமும் வண்ணத் துணிகளும் நிறைந்த அங்காடியை வாடிக்கையாளரின் பார்வையிலிருந்து காண்பதே பொதுவழக்கு. அந்தப் பார்வையை மாற்றி, விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பவரின் இடத்திலிருந்து அங்காடியைக் காட்டியதே ‘அங்காடித் தெரு’ தமிழ்த் திரைக்கு அளித்த பங்களிப்பு.

திருநெல்வேலிப் பகுதிச் சிற்றூரிலிருந்து சென்னைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலுள்ள பெரிய அங்காடியொன்றிற்கு வேலைக்கு வரும் ஜோதிலிங்கம், அங்கே பணியாற்றும் கனி ஆகிய இருவரின் காதலே படத்தின் கதை. ஜெயமோகன் உரையாடல் எழுதியுள்ளார். வெளிவந்த காலந்தொட்டு இப்படம் யதார்த்தப் படைப்பாகவும் துயரக் காதற்கதையாகவும் பாராட்டப்பட்டு வந்துள்ளது. அவ்விரு நோக்குகளும் பிழையானவை அல்ல. ஆயினும், துயரத்தின் ஊற்று எது என்னும் வினாவை அவை போதிய அளவு எழுப்பவில்லை. துன்பத்தைக் கண்டு இரங்குவது வேறு. அத்துன்பத்தைத் தடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்பது வேறு. இரண்டாவது வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

1. நிற்றல் என்னும் உழைப்பு

படத்தில் அங்காடி ஊழியர்களின் உடல்நிலை பெரும்பாலும் ஒன்றே: நிற்றல். வாடிக்கையாளர் வரும்போதும் நிற்கின்றனர், வராதபோதும் நிற்கின்றனர். துணியை எடுத்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும் வேலை என்பது எளிதில் விளங்கும். ஆனால், காட்டவும் மடிக்கவும் எதுவும் இல்லாத நேரத்தில் நின்றுகொண்டிருப்பதும் வேலையின் பகுதியாக்கப்பட்டுள்ளது. அந்நேரத்தில் ஊழியர் விற்பது பொருளை அன்று, தம் ஆயத்தநிலையை. எந்நேரமும் பணியத் தயாராக நிற்கும் உடல்களின் வரிசையே அங்காடி தன்னைப் பற்றி அளிக்கும் விளம்பரம். உட்கார்ந்திருக்கும் ஊழியர் சோம்பல் உடையவராகவும் வாடிக்கையாளரை மதியாதவராகவும் கொள்ளப்படுகிறார். ஆகவே இங்கு நிற்றல் என்பது தொழிலின் தேவையால் மட்டும் எழுந்தது அன்று. பணிவைப் புலப்படுத்தும் குறியாகவும் அமைந்துள்ளது.

இந்தக் குறிக்கு உடல் கொடுக்கும் விலையைப் படம் மறைக்கவில்லை. நெடுங்காலம் நின்று வேலை செய்ததனால் கால் நரம்புகள் புடைத்துப் புண்ணாகிப்போன ஊழியரின் நிலையைப் படம் காட்டுகிறது. மக்கள் வழக்கில் நரம்புச் சுருட்டல் என்றும் மருத்துவர் வழக்கில் வெரிகோஸ் என்றும் குறிக்கப்படும் இந்நோயின் வழிமுறை அறியப்பட்டதே. காலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் மேலேறக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிவது துணைசெய்கிறது. நடக்கும்போது இது இயல்பாக நிகழும். ஒரே இடத்தில் நிற்கும்போது இத்துணை குன்றி, இரத்தம் கீழே தேங்கிச் சிரைகளில் அழுத்தம் மிகும். சிரைகளுக்குள் இரத்தம் கீழிறங்காமல் தடுக்கும் இதழ்கள் நாளடைவில் தளரும். சிரைகள் புடைத்து நெளியும். முற்றிய நிலையில் ஆறாத புண் தோன்றும்.

இந்நோய் ஒரு நாளில் வருவதன்று என்பது இங்குக் கருதத்தக்கது. ஆலையில் விரல் துண்டாகும் விபத்திற்கு நாளும் நேரமும் உண்டு, சாட்சியும் உண்டு. நின்று நின்று வரும் நோய்க்கு இவை இல்லை. எந்த நாளில், எந்த மணியில் அந்த ஊழியரின் கால் கெட்டது என்று எவரும் கூறவியலாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கென 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், தொழில்வழி நோய்களின் பட்டியலொன்றைத் தன் மூன்றாம் அட்டவணையில் கொண்டிருந்தது. ஈயம், பாதரசம், கல்தூசு முதலியவற்றால் வரும் நோய்கள் அதில் இருந்தன. நிற்பதால் வரும் சிரைநோய் அதில் இருக்கவில்லை. பட்டியலில் இடம்பெறாத நோயைத் தொழிலால் வந்ததென மெய்ப்பிக்கும் சுமை நோயுற்றவரையே சேர்ந்தது. படத்தில் கால் கெட்ட ஊழியருக்கு எஞ்சுவது பிறரின் இரக்கம் மட்டுமே என்பதற்கு இதுவே பின்புலம். படம் சட்டத்தைப் பேசவில்லை. ஆயினும் சட்டம் விட்டுவைத்த இடைவெளியை அந்தக் கால்களின் வழி காட்சிப்படுத்திவிடுகிறது.

2. கருங்காலியை நீக்கிப் பார்த்தல்

படத்தின் எதிர்நிலைப் பாத்திரம் மேற்பார்வையாளர் கருங்காலி. அவர் ஆண் ஊழியர்களை அடிக்கிறார். பெண் ஊழியர்களைப் பாலியல்வழித் துன்புறுத்துகிறார். பார்வையாளரின் சினம் முழுவதும் அவர்மீது குவியுமாறு கதை அமைக்கப்பட்டுள்ளது. அவருடைய பெயரே ஆராயத்தக்கது. தொழிற்சங்க வழக்கில் ‘கருங்காலி’ என்பது வேலைநிறுத்தத்தை முறித்து முதலாளியின் பக்கம் சேரும் தொழிலாளியைக் குறிக்கும் வசைச்சொல். ஆனால், படத்தின் அங்காடியில் முறிப்பதற்கு வேலைநிறுத்தம் இல்லை. காட்டிக்கொடுப்பதற்குச் சங்கமும் இல்லை. சங்கம் இருந்த உலகின் வசைச்சொல் சங்கம் இல்லாத உலகின் மேற்பார்வையாளருக்குப் பெயராகியுள்ளது. படைப்பாளர் கருதியதோ கருதாததோ, எதிர்ப்பமைப்பு இல்லாத இடத்தில் காட்டிக்கொடுத்தல் என்பது நாள்தோறும் நடக்கும் நிர்வாகமாக மாறிவிடுவதை இப்பெயர் உணர்த்துகிறது.

கருங்காலியின் பங்கை மதிப்பிட ஓர் எளிய சோதனை உதவும். அப்பாத்திரத்தைக் கதையிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் நற்குணமுடைய மேற்பார்வையாளர் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அடியும் வசவும் குறையும். பெண்கள்மீதான அத்துமீறல் நிற்கும். இவை சிறியவை அல்ல. ஆனால், நாள் முழுவதும் நிற்றல் தொடரும். ஊழியர் நெருக்கிப் படுக்கும் விடுதி தொடரும். உண்ணும் இடத்தில் நேரத்தோடு நடக்கும் போராட்டமும், தாமதத்திற்கான ஊதியப் பிடித்தமும் தொடரும். கால் கெட்டவர் வெளியேற்றப்படுவதும் தொடரும். அதாவது, படம் காட்டும் ஊறுகளில் பெரும்பகுதி கருங்காலியின் குணத்தைச் சார்ந்தது அன்று. அங்காடி நடத்தப்படும் முறையைச் சார்ந்தது.

கருங்காலியின் குணத்தைச் சார்ந்தனவாகத் தோன்றும் செயல்களும் முழுவதும் தனிமனிதச் செயல்கள் அல்ல. அடிப்பதற்கும் அத்துமீறுவதற்கும் அவருக்கு வாய்ப்பளிப்பது, பிடித்தம் செய்யவும் வேலையிலிருந்து நீக்கவும் நிறுவனம் அவருக்கு வழங்கியுள்ள அதிகாரமே. அந்த அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் வழி எதுவும் அங்கே இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தல் குறித்து 1997ஆம் ஆண்டு விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், புகார்க் குழு அமைக்கும் கடமையை வேலையளிப்பவர்மீது சுமத்தின. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்கியது. படம் வெளிவந்த 2010இல் முன்னைய நெறிமுறைகள் நடைமுறையில் இருந்தன. எனவே, கனி போன்றோர் சென்று முறையிட ஓர் இடம் இல்லாதிருப்பது கருங்காலியின் குற்றம் அன்று; நிறுவனத்தின் கடமை தவறல். படத்தின் கதைப்போக்கு இந்த இன்மையைச் சுட்டிப் பேசுவதில்லை. தீயவனை அடையாளம் காட்டியதும் வினா தீர்ந்துவிட்டதுபோல் நகர்ந்துவிடுகிறது.

தீயவன் ஒருவனை முன்னிறுத்துவது வெகுமக்கள் திரைப்படத்தின் இலக்கணம் என்றும், கலைப்படைப்பிடம் சட்டப் பகுப்பாய்வை எதிர்பார்த்தல் முறையன்று என்றும் இங்கு மறுப்பு எழலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும், இக்கட்டுரை புறத்தேயிருந்து ஓர் அளவுகோலைக் கொணர்ந்து படத்தின்மீது வைக்கவில்லை. தீயவனின் எல்லையைத் தாண்டிய சான்றுகளைப் படமே முன்வைக்கிறது. விடுதியும் உணவுக்கூடமும் கெட்டுப்போன கால்களும் கதைக்கு இன்றியமையாதவை அல்ல. காதலையும் வில்லனையும் கொண்டே கதையை நடத்திச் சென்றிருக்கலாம். அவற்றைச் சேர்த்தது படைப்பாளரின் தேர்வு. தேர்ந்து சேர்த்த சான்றுகளுக்கும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவிற்கும் இடையிலான தொலைவை அளப்பது திறனாய்வின் பணியேயாகும்.

3. அண்ணாச்சி: உறவுச்சொல்லும் கடமையும்

அங்காடியின் உரிமையாளர் படத்தில் ‘அண்ணாச்சி’ என அழைக்கப்படுகிறார். தென்மாவட்ட வணிக உலகில் இது மதிப்பும் அன்பும் கலந்த விளி. முதலாளி என்னும் சொல்லில் இல்லாத நெருக்கம் இதில் உண்டு. ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலையும் சோறும் தங்க இடமும் கொடுப்பவர் என்னும் நற்பெயர் இவ்விளியோடு சேர்ந்தே வருகிறது. அந்த நற்பெயருக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. மழை பொய்த்த சிற்றூர்களின் இளைஞர்க்கு நகர அங்காடிகள் ஊதியம் அளித்துள்ளன. பல குடும்பங்களின் கடன் அடைந்துள்ளது. பல சகோதரிகளுக்குத் திருமணம் நடந்துள்ளது.

சிக்கல் உறவுச்சொல்லில் இல்லை. அச்சொல் செய்யும் வேலையில் உள்ளது. உறவில் கொடுப்பது கருணை, கொடுக்காதது குறை. தொழிலில் கொடுக்க வேண்டியது கடமை, கொடுக்காதது குற்றம். அங்காடியை உறவின் மொழியில் பேசும்போது கடமைகள் யாவும் கருணைகளாக உருமாறுகின்றன. ஓய்வு, உணவு, உறங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்பவர் உரிமை கோருபவராகத் தோன்றாமல் நன்றி மறந்தவராகத் தோன்றுகிறார். வேலைக்கு ஆள் சேர்க்கும் காட்சியில் குடும்பச் சுமையும் வறுமையும் உடையவர்களே விரும்பித் தேர்ந்தெடுக்கப்படுவதைப் படம் காட்டுகிறது. தந்தையை இழந்து, பள்ளித் தேர்வில் முதன்மை பெற்றும் படிப்பைத் தொடர முடியாமல் வரும் ஜோதிலிங்கம் அத்தகையவரே. வறியவருக்கு வாழ்வளித்தல் எனக் கருணையின் மொழி இதனைச் சொல்லும். எதிர்த்துப் பேச இயலாதவரைத் தேர்தல் எனக் காட்சி இதனைச் சொல்கிறது.

நிறுவனத்துக்குள் பொறுப்பு எவரிடம் நிற்கும் என்னும் வினாவிற்கு ஆலைகளைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் தெளிவான விடையை வந்தடைந்துள்ளது. 1984ஆம் ஆண்டு போபால் நச்சுவாயுப் பேரழிவிற்குப் பின்னர், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு ஆகியவற்றை உறுதிசெய்யும் பொதுக்கடமையை ஆலையின் இறுதிக் கட்டுப்பாட்டை உடையவர்மீது வைத்தது. ஆலை ஒரு நிறுமத்திற்கு உரியதாயின் அதன் இயக்குநர்களுள் ஒருவரே அவ்விடத்தில் நிற்பவர் ஆவார். மேலாளர் நிலையிலுள்ள ஊழியர் ஒருவரை முன்னிறுத்திவிட்டு இயக்குநர்கள் விலகிக்கொள்ள இயலாது என்பதை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இதன் அடிப்படைக் கருத்து எளியது: வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்கவியலாது.

அங்காடித் தெருவின் அண்ணாச்சி இதற்கு நேர்மாறான ஏற்பாட்டின் உருவம். கருணை அவருடைய பெயரில் நிற்கிறது. கொடுமை கருங்காலியின் பெயரில் நிற்கிறது. இந்தப் பங்கீடே நிறுவனத்தின் இயக்கத்திற்கு வேண்டிய எண்ணெய். பார்வையாளரின் சினம் மேற்பார்வையாளரைத் தாண்டி மேலேறாமல் தடுப்பதும் இதுவே. படம் அண்ணாச்சியை நல்லவராகக் காட்டவில்லை என்பது உண்மை. ஆயினும் கதையின் உச்சமோதல் கருங்காலியோடுதான் நிகழ்கிறது. தொழிலாளியின் கை எட்டும் உயரம் அவ்வளவே என்று இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், அது படத்தின் குறையாக அன்றி, படம் அறிந்தோ அறியாமலோ பதிவுசெய்த உண்மையாகிவிடும்.

4. விடுதியும் நடைபாதையும்: பணியிடத்தின் எல்லை

பணியிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அலுவலக ஊழியர்க்கு இவ்வினா எளியது. அங்காடியில் வேலை செய்து, அங்காடி அளிக்கும் விடுதியில் உறங்கி, அங்காடியின் உணவுக்கூடத்தில் உண்பவருக்கு இவ்வெல்லை அழிந்துவிடுகிறது. படத்தில் விடுதிக் காட்சிகள் இவ்வகையில் முதன்மையானவை. கால் நீட்ட இடமின்றி நெருக்கிப் படுத்திருக்கும் உடல்கள், பகலில் நின்ற கால்களுக்கு இரவிலும் ஓய்வில்லை என்பதைக் காட்டுகின்றன. தங்குமிடம் ஊதியத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சலுகை என்று கணக்கிடப்படும். ஆனால், அதனால் வேலையை இழப்பவர் அதே மணியில் வீட்டையும் இழக்கிறார்.

தங்குமிடத்தையும் பணியிடத்தையும் ஒன்றாக்குவதன் இடர் கற்பனையானது அன்று. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பலமாடி அங்காடியொன்றில் நேர்ந்த தீவிபத்தில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டு மே இறுதியில் தியாகராய நகரின் மற்றொரு பெரிய துணியங்காடி தீப்பற்றியபோது கட்டடத்தின் மேற்பகுதியில் இருந்த ஊழியர்கள் மீட்கப்பட வேண்டியிருந்தது. அங்காடி மூடியிருக்கும் நேரத்திலும் அதற்குள் மனிதர் இருக்கின்றனர் என்னும் உண்மை, தீ எரியும்போதுதான் தெருவுக்குத் தெரியவருகிறது.

படத்தின் இறுதிப்பகுதியை இந்த நோக்கில் மீண்டும் வாசிக்க வேண்டும். இரவில் அங்காடிக்குள் சிக்கிக்கொள்ளும் ஜோதிலிங்கமும் கனியும், பகலெல்லாம் தாம் பிறருக்கு எடுத்துக் காட்டிய ஆடைகளுக்கிடையே ஆடி மகிழ்கின்றனர். கண்காணிப்புக் கருவி அதனைப் பதிவுசெய்துவிடுகிறது. இங்கு ஓர் அமைதியான ஒப்பீடு உள்ளது. கருங்காலியின் செயல்கள் அதே கட்டடத்தில் நாள்தோறும் நிகழ்கின்றன. அவை எவருக்கும் தெரியாதவை அல்ல. ஆனால், நிறுவனத்தின் கண் அவற்றைக் குற்றமாகக் காண்பதில்லை. சரக்கைக் காக்க அமைந்த கண், காதலை உடனே காண்கிறது. எதனைக் காக்க நிறுவனம் செலவிடுகிறது, எதனைக் காக்கச் செலவிடவில்லை என்பதற்கு இக்காட்சியே சான்று.

வேலையை இழந்த இருவரும் நடைபாதையில் உறங்குகின்றனர். லாரி ஒன்று அங்கே பாய்கிறது. கனி தன் இரு கால்களையும் இழக்கிறாள். கதைப்போக்கில் இது விபத்து, விதியின் அடி. ஜோதிலிங்கத்தின் தந்தை ஆளில்லா இருப்புப்பாதைக் கடவையில் இறந்ததும் விதியெனவே கொள்ளப்படுகிறது. ஆனால், அவர்கள் ஏன் நடைபாதையில் உறங்கினர் என்னும் வினாவை எழுப்பினால் விதி பின்வாங்குகிறது. வேலை போனதும் விடுதி போயிற்று. விடுதி போனதும் கூரை போயிற்று. லாரியை ஓட்டியவர் எவரோ. அந்த இடத்தில் அவர்களைப் படுக்கவைத்தது அங்காடியின் ஒழுங்கு. சட்டநோக்கில் இவ்விபத்துக்கு அங்காடி பொறுப்பாகாது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கே இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். நீக்கப்பட்டவர் அதற்கு வெளியே நிற்பவர். காரணம் நிறுவனத்துக்குள் இருக்க, விளைவு நிறுவனத்துக்கு வெளியே நிகழ்வதே இம்முடிவின் உண்மையான கொடுமை.

‘வேலைப் பாதுகாப்பு’ என்னும் தொடரின் இருபொருளும் இங்கு ஒன்றாகின்றன. வேலை நிலைக்கும் என்னும் உறுதி இல்லாத இடத்தில் உடல் நிலைக்கும் என்னும் உறுதியும் இல்லை. இதற்கு மற்றொரு சான்று சௌந்தரபாண்டி, செல்வராணி ஆகியோரின் கிளைக்கதை. காதல் வெளிப்பட்டபோது வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் அவன் அவளை அறியேன் என்கிறான். அவள் கட்டடத்திலிருந்து குதிக்கிறாள். அவனுடைய கோழைமையைப் பழிப்பது எளிது. ஆனால், ஒரு சொல்லால் வேலையும் உணவும் உறைவிடமும் ஒருங்கே பறிபோகும் நிலையில் நிற்பவனுக்கு உண்மை பேசுதல் எத்தகைய விலையுடையது என்பதையும் படம் காட்டிவிடுகிறது. குறை சொல்ல அஞ்சும் பணியிடத்தில் எந்த விதியும் காப்பாகாது. கால் வலிக்கிறது என்று சொல்ல முடியாதவருக்கு மருத்துவ வசதி இருந்தும் பயனில்லை.

5. இருக்கையும் உட்காரும் உரிமையும்

படம் வெளிவந்து பதினோராண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. 1947ஆம் ஆண்டின் அம்மூலச்சட்டம் வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றோடு தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு ஆகியன பற்றியும் விதித்திருந்தது. இருக்கை பற்றி விதிக்கவில்லை. 22-அ என்னும் புதிய பிரிவு, கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் அனைவர்க்கும் தகுந்த இருக்கை வசதி இருத்தல் வேண்டும் என்றும், வேலையின் இடையே உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்ள அது உதவ வேண்டும் என்றும் கூறியது. இதற்கு முன்பே, 2018ஆம் ஆண்டு கேரளம் இவ்வகைத் திருத்தத்தைச் செய்திருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை வசதி கேட்டுப் போராடத் தொடங்கிய பெண் ஊழியர்களின் ‘பெண்கூட்டு’ அமைப்பு அதற்கு வழியமைத்தது. அதாவது, அங்கே உரிமை என்னும் சொல் முதலில் கடைத்தெருவில் ஒலித்துப் பின்னர்ச் சட்டத்தில் ஏறியது.

தமிழ்நாட்டுத் திருத்தம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. நிற்றலைப் பணிவின் குறியாகக் கொண்டிருந்த வழக்கத்தைச் சட்டம் முதன்முறையாக ஓர் ஊறாக ஏற்றுக்கொண்டது. ஆயினும், அதன் சொற்களை ‘அங்காடித் தெரு’ காட்டும் அங்காடிக்குள் வைத்துப் படித்தால் ஓர் இடைவெளி தென்படுகிறது. உட்காரும் வாய்ப்பு நேரும்போது உட்காரலாம் என்கிறது பிரிவு. வாய்ப்பு நேர்ந்துவிட்டது என்று முடிவு செய்பவர் யார்? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நிற்பதையும் வேலையாக்கிவிட்ட இடத்தில் வாய்ப்பு என்பது ஒருபோதும் நேராது. கருங்காலி மேற்பார்வை செய்யும் தளத்தில் நாற்காலி இருக்கும். அதில் அமர்பவர் இருக்கமாட்டார்.

இந்தச் சொல்லாட்சி புதியதும் அன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யக் கடமைப்பட்ட ஆலைத் தொழிலாளர்க்கு இருக்கை வசதி அளிப்பதை ஏறத்தாழ இதே சொற்களில் அன்றே விதித்திருந்தது. அங்காடித் தொழிலாளருக்கு அது வந்துசேர எழுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மேலும், 44ஆம் பிரிவில் இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. ஒரு வேலையை உட்கார்ந்தபடியே திறம்படச் செய்யலாம் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அவ்வேலை செய்வோர்க்கு இருக்கை அளிக்குமாறு எழுத்து வழி ஆணையிடலாம் என்பது அது. முதற்பகுதி ஓய்வுக்கு இடம் தந்தது. இரண்டாம் பகுதி வேலை செய்யும் முறையையே வினவியது. இந்த வேலைக்கு நிற்றல் வேண்டுமா என்று நிறுவனத்துக்கு வெளியேயுள்ள ஒருவர் கேட்க முடிந்தது. கடைகளுக்கான 2021ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்பகுதியை ஏற்றது. இரண்டாம் பகுதியைக் கொண்டுவரவில்லை. விலைச்சீட்டு எழுதுவோர், பொதி கட்டுவோர் முதலியோர் பணிநேரம் முழுவதும் நிற்க வேண்டியதன் தேவை ஆராயப்படாமலேயே நின்றுவிட்டது.

இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக்கருத்தைத் தெளிவாக்குகிறது. இருக்கை என்பது வாங்கி வைக்கக்கூடிய பொருள். உட்காருதல் என்பது வேலை ஒழுங்கமைக்கப்படும் முறையின் விளைவு. ஒரு தளத்திற்கு எத்தனை ஊழியர், எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்று, தாமதத்திற்குத் தண்டனை உண்டா, மேற்பார்வையாளர் எதனை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிடப்படுகிறார் என்பன நிறுவனத்தின் மேல்மட்டத்தில் முடிவாகின்றன. பொருளை வாங்கி வைத்ததும் கடமை முடிந்தது என்று கொள்வது, கருங்காலியை நீக்கியதும் கொடுமை முடிந்தது என்று கொள்வதைப் போன்றதே. 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம், காயத்தையோ தொழில்வழி நோயையோ விளைவிக்கக்கூடிய இடர்கள் பணியிடத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொள்வதை வேலையளிப்பவரின் கடமைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நிற்றலை அத்தகைய இடராகக் கணக்கிடும்போதே அங்காடித் தொழிலாளர்க்கு இக்கடமை பொருளுடையதாகும்.

முடிவுரை

‘அங்காடித் தெரு’ திரைப்படம் பொறுப்பு பற்றிய வினாவிற்கு மூன்று விடைகளைத் தருகிறது. கதைமோதல் தரும் விடை, தீய மேற்பார்வையாளர். கதைமுடிவு தரும் விடை, விதி. நிற்கும் கால்கள், நெருக்கிய விடுதி, இழப்பதற்கு அஞ்சும் முகங்கள் ஆகிய காட்சிகள் தரும் விடை, நிறுவனம். முதலிரு விடைகளும் பார்வையாளரைச் சினத்திற்கும் கண்ணீருக்கும் இட்டுச்சென்று அங்கேயே நிறுத்துகின்றன. மூன்றாம் விடையே கடமையை நோக்கி இட்டுச்செல்கிறது. படத்தின் வலிமை மூன்றாம் விடைக்கான சான்றுகளைத் தவறாது பதிவுசெய்ததில் உள்ளது. அதன் வரம்பு அச்சான்றுகளைக் கதைமுடிவுக்குக் கொண்டுசெல்லாததில் உள்ளது.

அண்ணாச்சி என்னும் உறவுச்சொல் கடமையைக் கருணையாக்குவதும், கருங்காலி என்னும் பெயர் நிறுவனத்தின் குற்றத்தைத் தனிமனிதர்மீது ஏற்றுவதும், விபத்து என்னும் சொல் காரணத்தை மறைப்பதும் இவ்வாய்வில் பெறப்பட்டன. வேலை நிலைப்பு இல்லாத இடத்தில் உடற்காப்பும் இராது என்பதும், இருக்கை அளிப்பதோடு உட்காரும் உரிமை நிறைவுபெறாது என்பதும் தெளிவாயின.

தொழிலாளர் வாழ்வைப் பேசும் தமிழ்ப் படைப்புகளைத் துன்பத்தின் பதிவுகளாக மட்டும் வாசிக்கும் முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது. ஆலை, உப்பளம், தீப்பெட்டித் தொழில், தோல் பதனிடுதல் முதலிய களங்களைக் கொண்ட புதினங்களையும், அவற்றில் ஒவ்வோர் ஊறும் எவருடைய கடமை தவறியதனால் நேர்ந்தது என்னும் வினாவோடு மறுவாசிப்புச் செய்ய இடமுள்ளது. அங்காடித் தெருவின் கனி இறுதியில் அதே தெருவில் அமர்ந்து பொருள் விற்கிறாள். அங்காடிக்குள் நின்றிருந்தவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, கால்களை இழந்து தெருவுக்கு வந்த பிறகே.